ரிப்போர்ட்டில் இருந்த ரேவதி

இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் வீட்டுக்காரரின் கம்பெனி ஜாக்கெட், காலில் சாக்ஸ், தலையில் மஃப்ளர். இத்தனையையும் போட்டுக்கொண்டு பல் கிடுகிடுக்க ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்த என்னிடம், ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே டாக்டர் சொன்னார்: "உங்க உடம்பு இன்னும் ரொம்ப வேகமா, சூடா ஓடிட்டு இருக்கும்மா." சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. சூடா? எனக்கா? போர்வைக்குள் கால் ஐஸ் கட்டியாகக் கிடந்தது.

எனக்கு வந்த நோயைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் வந்தது எந்த நோய் என்பதே ஏழு மாதம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாதது பரவாயில்லை, தெரிய வேண்டியவர்களுக்கும் தெரியவில்லை. அதனால் கொஞ்சம் முன்னே பின்னே ஆகத்தான் எழுத வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ரேவதி. சொந்த ஊர் போச்சம்பள்ளிப் பக்கம். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் லைன் வீட்டில் குடியிருக்கிறோம். பிரேக்குக்கான சின்னச் சின்ன பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷமாக குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை. மெஷினில் இருந்து வரும் பாகத்தை எடுத்து அளப்பேன். சரியாக இருந்தால் அனுப்புவேன், இல்லாவிட்டால் நிறுத்துவேன். வீட்டுக்காரர் மாதேஷ் வேறொரு கம்பெனி குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மகள் ஹரிணி மூன்றாம் வகுப்பு. எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்று எல்லோரும் சொல்வார்கள். கொஞ்சம் இல்லை, நிறையவே ஜாஸ்திதான்.

எல்லாம் முடி கொட்டியதில் ஆரம்பித்தது. சீப்பை எடுத்தால் ஒரு கை முடி. குளித்தால் ஜலதாரையை அடைத்துக்கொள்ளும். ஓசூருக்குப் பிழைக்க வந்த எந்தப் பெண்ணிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், போர் தண்ணீர்தான் காரணம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். உப்புத் தண்ணீர், குழாய் வாயில் வெள்ளை வெள்ளையாகப் படிகிற தண்ணீர். நானும் தண்ணீரைத்தான் திட்டினேன். கூடவே உடம்பில் ஒரு அசதியும் இருந்தது. ஷிப்ட் வேலை செய்பவளுக்கு அசதி இல்லாமல் இருக்குமா என்று அதை விட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டு மஞ்சுளா ஆனேக்கல்காரி. வீட்டில் கன்னடம், வாசலில் தமிழ். அவள் வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் ஒருத்தி முடி மாத்திரை விற்பாளாம். பிங்க் டப்பா, மேலே இடுப்பு வரைக்கும் கூந்தல் விட்ட ஒரு பெண்ணின் படம். எங்கள் லைனில் ஐந்து வீட்டுப் பெண்களும் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். "ஒண்ணு போட்டா ஒண்ணும் ஆகாதுக்கா, நான் ரெண்டு போடறேன். நீங்களும் ரெண்டு போடுங்க" என்று மஞ்சு ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தாள். பாத்ரூம் அலமாரியில் ஷாம்பு, தேங்காய் எண்ணெய், பக்கத்தில் அந்த டப்பா. தினமும் காலையில் பல் தேய்த்ததும் இரண்டு. முடி கொட்டுவது நின்றதா என்று கேட்காதீர்கள்.

அப்புறம் கம்பெனியில் வருடாந்திர ஹெல்த் செக்கப் வந்தது. எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து எச்.ஆர். கூப்பிட்டு, "உங்களுக்கு தைராய்டு அதிகமா இருக்கு, டாக்டர பாத்துடுங்க" என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் சில நாட்கள் பெங்களூரில் இருந்து ஹார்மோன் டாக்டர் வருவார். இளம் வயதுப் பெண்மணி, நிதானமான பேச்சு. அங்கே போனோம்.

வெளியே காத்திருக்கும் இடத்தில் இருந்த முக்கால்வாசிப் பேர் சர்க்கரைக்காரர்கள். கையில் இன்சுலின் டப்பாவும் பிஸ்கட் பாக்கெட்டுமாக உட்கார்ந்திருந்தார்கள். சர்க்கரையும் தைராய்டும் ஒரே டாக்டரிடம் ஏன் வருகிறது என்பதே எனக்குப் புரியவில்லை. உள்ளே போய் அதைத்தான் முதலில் கேட்டேன். டாக்டர் சிரித்துவிட்டு விளக்கினார்.

உடம்பில் அங்கங்கே சில சுரப்பிகள் இருக்கின்றன. மூளைக்கு அடியில் பிட்யூட்டரி, கழுத்தில் தைராய்டு, வயிற்றில் கணையம், சிறுநீரகத்தின் தலையில் அட்ரினல், இப்படி. இவை எல்லாம் தாங்கள் சுரப்பதை நேராக ரத்தத்தில் விட்டுவிடும். அந்தச் சரக்குக்குப் பெயர்தான் ஹார்மோன். எவ்வளவு வேகமாக நெஞ்சு துடிக்க வேண்டும், எவ்வளவு சூடு வேண்டும், தின்றதை எரிப்பதா சேர்த்து வைப்பதா என்று ஹார்மோன்தான் போய்ச் சொல்லும். இதில் தைராய்டுக்கு முதலாளி பிட்யூட்டரி. அது டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்பித் தைராய்டை வேலை வாங்கும். எனக்கு இது உடனே பிடிபட்டது. பிட்யூட்டரி என்பது எங்கள் பிளானிங் டிபார்ட்மெண்ட், தைராய்டு என்பது உற்பத்தி லைன். லைனில் உற்பத்தி குறைந்தால் பிளானிங்கில் இருந்து கத்தல் ஜாஸ்தியாகும், டி.எஸ்.எச். ஏறும். உற்பத்தி அளவுக்கு மீறிப் போனால் பிளானிங் வாயை மூடிக்கொள்ளும், டி.எஸ்.எச். இறங்கும்.

என் ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். கிட்டத்தட்ட இல்லவே இல்லை. தைராய்டு ஹார்மோன் அதிகம். இன்னொரு ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். உடம்பே உண்டாக்கித் தைராய்டைத் தூண்டிவிடும் ஒரு எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பதற்காம். அதுவும் இருக்கிறது என்றே வந்தது. ஹைப்பர் தைராய்டு. சந்தேகமே இல்லை என்றார்கள்.

"வேற ஏதாவது மாத்திரை எடுக்கறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லைங்க டாக்டர். தலைவலிக்குக்கூட போட மாட்டேன்" என்று பெருமையாகச் சொன்னேன்.

தைராய்டைக் கட்டுப்படுத்த ஒரு மாத்திரையும், நெஞ்சு படபடப்புக்கு ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். ஒழுங்காகப் போட்டேன். போடப் போட நான் வேறு ஆளாக ஆகிக்கொண்டே வந்தேன். முகம் உப்பியது. மோதிரம் விரலில் இறங்கவில்லை. குரல் ஆம்பிளைக் குரல் மாதிரி கரகரத்தது. வயிறு நாலு நாளைக்கு ஒரு தடவைதான் இறங்கியது. குளிரோ குளிர். எங்கள் பிளாண்டில் ஹீட் ட்ரீட்மெண்ட் உலைக்குப் பக்கத்தில் வேர்த்து ஊற்றுகிற இடத்தில் நான் ஸ்வெட்டரோடு நிற்பேன். சொன்னால், "ஓசூர்ல குளிராம மெட்ராஸ்லயா குளிரும்?" என்று கிண்டல் செய்வார்கள்.

டாக்டரிடம் சொன்னேன். ஹைப்பருக்கு மாத்திரை போட்டால் எடை கூடும், படபடப்பு மாத்திரையால் கை கால் சில்லிடும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொரு காரணமும் சரியாகவும் இருந்தது. ரத்தத்தைப் பார்த்தால் அதே ஹைப்பர். டோஸைக் கூட்டினார்கள். இன்னும் குளிர்ந்தது. மறுபடி ரத்தம், மறுபடி ஹைப்பர், மறுபடி டோஸ்.

இதைவிடப் பெரிய கொடுமை வீட்டில் நடந்தது. மாதேஷ் நல்ல மனுஷர். அதுதான் பிரச்சினையே. போனில் எதையோ படித்துவிட்டு, தைராய்டு அதிகமானால் கோபம் வரும், எரிச்சல் வரும், சம்பந்தமில்லாமல் பேசுவார்கள் என்று தெரிந்துகொண்டார். அன்றிலிருந்து நான் என்ன சொன்னாலும் அவர் சண்டைக்கு வரவில்லை. "சரி, சரி" என்று தலையை ஆட்டுவார். ஹரிணியிடம் மெல்லச் சொல்வார்: "அம்மா கத்தலடா, தைராய்டு கத்துது." பள்ளிக்கூடத்துக்கு ஃபீஸ் கட்ட மறந்தது அவர். அதற்கு நான் கத்தினால் அதுவும் தைராய்டு!

"எனக்குக் குளிருதுங்க, ரிப்போர்ட்ல ஏதோ தப்பு இருக்கு" என்றேன் ஒரு நாள்.

"அப்படித்தான் தோணும் ரேவதி. அதுவும் அதோட ஒரு குணம்தான். டென்ஷன் ஆவாத" என்றார்.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் கோபப்படுகிறேனா, சுரப்பி கோபப்படுகிறதா? குளிர்வது நிஜமா, குளிர்கிற மாதிரி தோன்றுகிறதா? மைக்ரோமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அளவைப் படித்துவிட்டு, படித்தது சரிதானா என்று பக்கத்தில் இருப்பவளைக் கேட்கும் நிலைமைக்கு வந்துவிட்டேன். பதினோரு வருஷத்தில் யாரையும் கேட்டவள் இல்லை நான்.

ஒரு திங்கட்கிழமை பிளாண்டிலேயே மயங்கி விழுந்தேன். கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தேன். நாடித் துடிப்பு ரொம்பக் குறைந்துவிட்டதாம். படபடப்பு மாத்திரையை நிறுத்தினார்கள். ஈ.சி.ஜி., எக்கோ, எக்ஸ்ரே என்று ஒவ்வொரு இடமாக சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். எக்கோ அறையில் ஏ.சி. போட்டிருந்தார்கள். நான் நடுங்கிய நடுக்கத்தில் படம் சரியாக வரவில்லை என்று எக்கோ எடுக்கிற பையன் அலுத்துக்கொண்டான். அன்று எடுத்த ரத்தத்திலும் அதே ஹைப்பர்தான்.

மறுநாள் டாக்டர் வந்து உட்கார்ந்து பொறுமையாகப் பேசினார். மாத்திரைக்கு அடங்கவில்லை, இனி ரேடியோ அயோடின்தான் என்றார். தைராய்டுக்கு அயோடின் என்றால் கொள்ளை ஆசை. எங்கே கிடைத்தாலும் இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் கதிர்வீச்சு உள்ள அயோடினை ஒரு கேப்சூலில் வைத்துக் கொடுப்பார்கள். அது நேராகக் கழுத்துக்குப் போய்ச் சுரப்பியை மெல்ல மெல்ல எரித்துவிடும். தேவைப்பட்டவர்களுக்கு அது நல்ல வைத்தியம், எத்தனையோ பேர் குணமாகியிருக்கிறார்கள். ஆனால் எரிந்தது எரிந்ததுதான், திரும்ப வராது. முழுங்கிய பிறகு கொஞ்ச நாள் ஹரிணியைப் பக்கத்தில் சேர்க்கக் கூடாது. வெள்ளிக்கிழமை காலையில் பெங்களூர் போக வேண்டும். அதற்குத் தயாராகத் தைராய்டு மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள்.

சம்மதப் படிவம் கொடுத்தார்கள். நோயாளி கையெழுத்துக்கு ஒரு கோடு, உறவினர் கையெழுத்துக்கு ஒரு கோடு. மாதேஷ் படித்தார், இரண்டு தடவை படித்தார், பேனாவை வாங்கிப் போட்டுவிட்டார். நான் போடவில்லை. கை நடுங்குது, அப்புறம் போடறேன் என்று தள்ளிவிட்டேன். நிஜத்தில் எனக்குப் பயம். அந்தக் கேப்சூல் உள்ளே போய்விட்டால், நான் சொன்னது சரியா தப்பா என்று இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எரிந்துபோன சுரப்பியிடம் போய் யார் விசாரிப்பது?

செவ்வாயும் புதனும் அப்படியே போயின. மாதேஷ் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தார். வெந்நீரை வாட்டர் பாட்டிலில் ஊற்றி, பழைய காலுறைக்குள் நுழைத்து என் பாதத்துக்கு அடியில் வைப்பார். ஆறினால் கேன்டீனுக்கு ஓடுவார். கேன்டீன்காரர், "எத்தனை தடவைய்யா வெந்நீருக்கு வருவ, ஒரு டீயாவது குடி" என்று திட்டியிருக்கிறார். உள்ளங்காலைத் தேய்த்துத் தேய்த்து அவர் கை சிவந்துபோகும். இவ்வளவு செய்கிற மனுஷருக்கு, இந்தக் கால் நிஜமாகவே குளிர்ந்து கிடக்கிறது என்று மட்டும் மண்டையில் ஏறவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரப்பட்டால் தைராய்டு என்பார். வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

ஹரிணி போனில் பேசினாள். மஞ்சு வீட்டில் விட்டிருந்தோம். "அம்மா, உன் குரல் ஏன் இப்படி இருக்கு? நீதானா?" என்று கேட்டாள். நான்தான்டா என்றேன். அவள் நம்பின மாதிரி தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். என் கையெழுத்தில்லாத படிவத்தைப் பார்த்தார்.

"என்னம்மா, நாளைக்குப் போகணுமே."

எழுந்து உட்கார்ந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாய் அதுபாட்டுக்கு ஆரம்பித்துவிட்டது.

"டாக்டர், எங்க கம்பெனில ஒரு டப்பா சரக்கு சந்தேகமா இருந்தா அதுக்கு மஞ்ச டேக் கட்டி ஹோல்டுல வெப்போம். கையில இருக்கற பாகம் ஒண்ணு சொல்லுது, அளக்கற கருவி ஒண்ணு சொல்லுதுன்னா, முதல்ல கருவியத்தான் சந்தேகப்படுவோம். சரியான அளவு தெரிஞ்ச மாஸ்டர் பீஸ வெச்சு கருவிய சோதிப்போம். அது முடியற வரைக்கும் பிளாண்ட் ஹெட்டே வந்து நின்னாலும் அந்த டப்பாவ நகத்த முடியாது."

"சரி, அதுக்கு?"

"நான் என்னைய ஹோல்டுல வெச்சுட்டேன். புதுசா ஒரு தடவை ரத்தம் எடுங்க. அதுலயும் அதே வந்துச்சுன்னா வாய மூடிக்கினு கையெழுத்து போடறேன்."

மாதேஷ் பதறிப்போய் எழுந்தார். "டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. தைராய்டு ஜாஸ்தியானா அவ இப்படித்தான்..."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க!" என்று கத்தினேன். அந்தக் கரகரப்பான குரலில் அது பாதிதான் வெளியே வந்தது.

டாக்டர் கட்டில் பக்கம் வந்தார். என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். படபடப்பு மாத்திரையை நிறுத்தி மூன்று நாளாகியும் அது ஏறியிருக்கவில்லை. என்னை முட்டி போடச் சொல்லி, சின்ன ரப்பர் சுத்தியலால் குதிகாலுக்கு மேலே தட்டினார். பாதம் துள்ளியது, அப்புறம் மெல்ல மெல்ல அதன் இடத்துக்குத் திரும்பியது. மறுபடி தட்டினார். மறுபடியும் அதே சோம்பேறித்தனம். தைராய்டு வேகமாக ஓடுகிறவர்களுக்குப் பாதம் பட்டென்று திரும்ப வேண்டுமாம். டாக்டரின் முகம் மாறியது.

"எடுங்க" என்றார் நர்ஸிடம். "உடனே ரிப்போர்ட் வேணும்."

மதியத்துக்கு மேல் லேப் ஆள் ஓடி வந்தார். "மேடம், சாம்பிள் மாறிடுச்சு போல. இது வேற யாரோடதோ. சாரி, இன்னொரு தடவை எடுக்கறேன்." இந்தத் தடவை நான் விடவில்லை. குழாயை வாங்கி அதில் என் பெயரை நானே எழுதினேன். அவர் போய் மெஷினில் ஓட்டிப் பார்த்தார். சாயங்காலம் டாக்டரே இரண்டு தாளையும் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். இரண்டிலும் ஒரே கதை. டி.எஸ்.எச். அறுபதைத் தாண்டி ஏறியிருந்தது. தைராய்டு ஹார்மோன் அதலபாதாளத்தில் கிடந்தது. ஹைப்பர் இல்லை, ஹைப்போ. தலைகீழ்!

"திங்கட்கிழமை அப்படி, வியாழக்கிழமை இப்படி" என்று டாக்டர் தனக்குத்தானே பேசிக்கொண்டார். "மூணு நாள்ல இப்படி மாறாது. மாறவே முடியாது. நடுவுல என்ன பண்ணினோம்? மாத்திரைய நிறுத்தினோம். நிறுத்தினா ஹார்மோன் ஏறணுமே தவிர இறங்கக் கூடாது."

ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னும் குழப்பமாகத்தான் இருந்தது. ஏழு மாத ரிப்போர்ட் பொய்யா, இன்றைய ரிப்போர்ட் பொய்யா? ஏழு தாள் ஒரு பக்கம், இரண்டு தாள் ஒரு பக்கம்.

சரியாக அந்த நேரத்தில் மஞ்சு ஹரிணியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒரு கட்டைப்பை நிறையச் சாமான். நைட்டி, சீப்பு, கேரியரில் சூடாக ராகி முத்தை என்று அவள் சொல்லும் களி உருண்டையும் கீரைக் குழம்பும். கடைசியாகப் பைக்குள் கையை விட்டு அந்த பிங்க் டப்பாவை எடுத்தாள்.

"இத மறந்துட்டு வந்துட்டீங்கக்கா. மூணு நாளா போடல நீங்க, திரும்ப முடி கொட்ட ஆரம்பிச்சுடும். இந்தாங்க, ரெண்டு போட்டுக்குங்க."

டாக்டர் திரும்பினார். "அது என்ன?"

"முடிக்குங்க டாக்டர்" என்றேன்.

அவர் டப்பாவை வாங்கினார். பின்பக்கம் எறும்பு சைஸில் எழுதியிருந்ததை வெளிச்சத்துக்குக் காட்டிப் படித்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"எவ்வளவு நாளா?"

"செக்கப்புக்கு முன்னாடில இருந்து. தினமும் காலையில ரெண்டு. திங்கட்கிழமைகூட போட்டுட்டுத்தான் வேலைக்குப் போனேன்."

"வேற மாத்திரை எடுக்கறீங்களான்னு நான் கேட்டேனேம்மா!"

"இது மாத்திரை இல்லையே டாக்டர்" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு அபத்தம் என்று தெரிந்தது. ஆனால் சத்தியமாக அதுதான் என் நினைப்பு. மாத்திரை என்பது மெடிக்கல் ஷாப்பில் சீட்டைக் காட்டி வாங்குவது. ஷாம்புவுக்குப் பக்கத்தில் இருப்பதெல்லாம் மாத்திரை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எங்கள் லைனில் யாரைக் கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அதில் இருந்தது பயோட்டின், ஒரு வைட்டமின். உடம்புக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. தைராய்டை அது தொடவே இல்லை. கெடுத்தது பரிசோதனையை. ரத்தத்தில் உள்ள ஹார்மோனைப் பிடித்து அளப்பதற்கு லேப் மெஷின்கள் சிலவற்றில் பயோட்டினைத்தான் பசை மாதிரிப் பயன்படுத்துகிறார்கள். ரத்தத்திலேயே பயோட்டின் நிறைந்திருந்தால் அது போய் ஒட்டுகிற இடத்தை எல்லாம் அடைத்துக்கொள்ளும். மெஷின் குழம்பிப்போய், குறைந்ததைக் கூடியது என்றும் கூடியதைக் குறைந்தது என்றும் சொல்லும். எனக்கு வந்த மூன்று பரிசோதனையும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பக்கம் பொய் சொல்லியிருக்கின்றன. கட்டிலில் கிடந்த நாட்களில் பயோட்டின் உடம்பை விட்டுப் போய்விட்டதால்தான் வியாழக்கிழமை ரத்தம் நிஜத்தைச் சொன்னது.

"அய்யோ தேவரே! நானே அக்காவுக்கு விஷம் கொடுத்துட்டேனா?" என்று கன்னடத்தில் சாமியைக் கூப்பிட்டு மஞ்சு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"விஷம் இல்லம்மா. நீங்க இன்னைக்கு இத கொண்டு வரலைன்னா எங்களுக்குக் காரணமே தெரிஞ்சிருக்காது" என்றார் டாக்டர். அப்புறம் என்னைப் பார்த்தார். "நீங்க குளிருது குளிருதுன்னு சொன்னீங்க. நான் பேப்பரப் பாத்தேன். உங்களப் பாத்திருக்கணும்." அந்த வார்த்தையை எதிர்பார்க்காததால் அவசரமாக, "பரவால்லைங்க டாக்டர்" என்றேன். பரவாயில்லையா என்ன? ஆனாலும் அவர் சொன்னாரே, அது பெரிது.

"அப்ப எனக்கு ஆரம்பத்துல ஹைப்பர் இருந்துச்சா இல்லையா?" என்று கேட்டேன்.

"அனேகமா இருந்திருக்காது. ஒருவேளை அப்பவே கொஞ்சம் குறைவா இருந்து, அதனாலதான் உங்களுக்கு முடியே கொட்டியிருக்கலாம். அதுக்கு மேல நாங்க குறைக்கற மாத்திரைய வேற குடுத்துட்டோம். உறுதியா சொல்ல அந்த ரத்தம் இப்ப நம்மகிட்ட இல்ல."

இதை யோசித்துப் பாருங்கள். தைராய்டு குறைந்ததால் முடி கொட்டியது. முடி கொட்டியதால் மாத்திரை போட்டேன். மாத்திரை போட்டதால் தைராய்டு கூடியது என்று வந்தது. கூடியது என்பதால் குறைத்தார்கள். நடுவில் ஒரு பாவமும் அறியாத ஓசூர் தண்ணீர் என்னிடம் வாங்கிய திட்டு எத்தனை!

வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் பெங்களூர் போகவில்லை. அந்த நேரத்துக்கு வெறும் வயிற்றில் தைராக்ஸின் என்ற சின்ன வெள்ளை மாத்திரையைச் சின்ன டோஸில் முழுங்கினேன். உடம்பு தானாகச் செய்ய வேண்டிய ஹார்மோனையே மாத்திரையாகத் தருவது அது. மாதேஷ் அந்தப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றார்.

"நான் கையெழுத்து போட்டுட்டேன்ல" என்றார். "நீயும் போட்டிருந்தா?"

ஒரு மூச்சு திட்ட வேண்டும் என்று ஏழு மாதமாகச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எதுவும் வரவில்லை. "போடலல்ல, விடுங்க. கால் குளிருது" என்றேன். வந்து தேய்த்துவிட்டார்.

உடம்பு ஒரே நாளில் திரும்பவில்லை. முதலில் வயிறு சரியானது, அப்புறம் குரல், அப்புறம் முகத்து வீக்கம். ஸ்வெட்டரைக் கழற்றிய அன்று பிளாண்டில் கை தட்டினார்கள். அடுத்தடுத்த பரிசோதனைகளில் அளவுகள் சரியாகிக்கொண்டு வந்தன. இப்போது எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எண்ணெய், பொடி, சத்து மாவு முதற்கொண்டு ஒன்று விடாமல் டாக்டரிடம் ஒப்பிக்கிறேன். நீங்களும் ஒப்பியுங்கள். அவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் வீட்டில் ஒன்று மட்டும் சரியாகவில்லை. மாதேஷ் "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முன்பு நான் நோயாளி என்பதற்காகச் சொன்னார், இப்போது குற்ற உணர்ச்சியில் சொன்னார். குழம்பில் உப்பில்லை என்றுகூடச் சொல்ல மாட்டார். நான் எதைப் பேசினாலும் தலையாட்டல். ரிப்போர்ட்டில் நான் நார்மலாகிவிட்டேன், வீட்டில் ஆகவில்லை. இனி இப்படியேதானா என்று பயந்துவிட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மத்திகிரியில் ஒரு வீடு பார்த்திருப்பதாகச் சொன்னேன். தனி பாத்ரூம், மாடியில் துணி காயப்போட இடம், உடனே மாறிவிடலாம் என்றேன். அவர் தலையாட்டவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தார்.

"உனக்கு அறிவிருக்கா?" என்றார். "அங்க உன் கம்பெனி பஸ் வருதா? ஏ ஷிப்டுக்கு விடிகாலைல எதுல போவ? ஹரிணி ஸ்கூல் எங்க கீது, வீடு எங்க கீது? ஒரு பாத்ரூமப் பாத்துட்டு வந்து மாறணும் மாறணும்னா, நாளெல்லாம் அளந்து பாக்கற பொம்பளைக்கு இது தெரியாதா?"

அவர் சொன்னது அத்தனையும் சரி. நான்தான் யோசிக்கவில்லை. ஹரிணி பயந்துபோய் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அவர் சட்டென்று நிறுத்திவிட்டார். "ஐயோ, என்னாச்சு ரேவதி? உடம்புக்கு ஏதாச்சும்..."

"உடம்புக்கு ஒண்ணுமில்லைங்க" என்றேன். "நிறுத்தாதீங்க. சண்ட போடுங்க."